படித்துறைக்கு எட்டாத முன்னறிவிப்பு

ஆடிப்பெருக்கு எனப்படும் ஆடி பதினெட்டாம் நாள் விடிவதற்கு முன்பே, காவிரிக் கரையில் உள்ள ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறையில் வாழையிலைத் துண்டுகள் வரிசையாக விரிகின்றன. ஒவ்வொன்றின் மீதும் மஞ்சளில் பிடித்த பிள்ளையார், வெல்லம் கலந்த காப்பரிசி, காதோலை கருகமணி, விளாம்பழம், பேரிக்காய், மஞ்சள் தோய்ந்த நூல்கற்றை ஆகியவை இடம்பெற, புதுமணத் தம்பதியர் திருமணத்தன்று சூடிய மாலைகளைப் பையில் வைத்துக்கொண்டு ஆற்றில் விடுவதற்காக முறை பார்த்து நிற்கின்றனர். படிக்குக் கீழே என்ன இருக்கும் என்பது மட்டும் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. சில ஆண்டுகளில் அங்கே வெறும் மணல் கிடக்க, குழாய்களில் துளையிட்டு அமைத்த செயற்கை நீர்த்தூவலின் அடியில் தலை நனைத்துக் கூட்டம் திரும்புகிறது. வேறு சில ஆண்டுகளில் மேற்படிகள் வரை செந்நீர் சுழித்தோட, சவுக்குக் கட்டைத் தடுப்புக்கு அப்பால் எவரும் இறங்காதபடி தீயணைப்புத் துறையினர் கயிற்றோடு காவல் நிற்கின்றனர்.

இவ்விரு நிலைகளுக்கும் நடுவே, இடுப்பளவு நீர் நிதானமாக ஓடும் அந்த ஒரு நிலையே விழாவுக்குத் தேவையானது என்பதால், ஜூலை பிறந்தவுடன் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் தேநீர்க்கடை முதல் கோயில் அலுவலகம் வரை கேட்கப்படும் கேள்வி ஒன்றாகவே இருக்கிறது: மேட்டூரில் எவ்வளவு? அந்தக் கேள்விக்கு நாள்தோறும் விடை கிடைக்கிறது. எனினும் அந்த விடை படித்துறைக்கு வருபவரின் ஐயத்தைத் தீர்ப்பதாக இல்லை என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் வாதம்.

குல்மார்க்கில் பனி, ஸ்ரீரங்கத்தில் புனல்

ஒரு குறிப்பிட்ட பருவத்தில் இயற்கை கொண்டுவரும் ஒரே பொருளை நம்பி ஓர் ஊரின் கூட்டமும் வணிகமும் நிற்பது ஸ்ரீரங்கத்துக்கு மட்டும் உரிய நிலை அன்று. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் உள்ள காஷ்மீரத்துக் குல்மார்க், நீண்ட பட்டைகளைக் காலில் பிணைத்துக்கொண்டு சரிவில் வழுக்கி இறங்கும் பனிச்சறுக்கு விளையாட்டுக்கு இந்தியாவில் பெயர்பெற்ற முதன்மையான இடமாகும். மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து ஈரத்தைச் சுமந்து கிழக்கு நோக்கி வரும் மேற்கத்திய இடையூறுகள் எனப்படும் காற்றமைப்புகள் பொய்த்தால் அங்கே சரிவுகள் பழுப்பு நிறத்தில் வெறுமையாகக் கிடக்கும். டிசம்பர் 21 அன்று தொடங்கி நாற்பது நாள் நீளும், உள்ளூரில் சில்லாய் கலான் என்று வழங்கும் கடுங்குளிர்க் காலத்தின் பெரும்பகுதியை 2024 தொடக்கத்தில் குல்மார்க் பனியின்றிக் கழித்தது. 2025 பிப்ரவரியில் நடக்கவேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளின் குல்மார்க் பகுதி, பனி போதாமையால் தள்ளிவைக்கப்பட்டு மார்ச் மாதத்தில் நடந்தது. பனி மிகுந்தாலும் தொல்லைதான். புதிதாகக் குவிந்த பனி பழைய அடுக்கோடு ஒட்டாமல் மொத்தமாகப் பெயர்ந்து உருளும் பனிச்சரிவு உயிர்களைக் கொள்ளும். குறைந்தால் விளையாட்டு இல்லை, மிகுந்தால் அனுமதி இல்லை என்னும் அந்த இக்கட்டு அம்மா மண்டபத்தின் இக்கட்டோடு ஏறக்குறைய எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறது.

ஒத்துப்போகாத இடமும் ஒன்று உண்டு. நன்கு நடத்தப்படும் பனிச்சறுக்குத் தலம் எதுவாயினும், அது வெளியிடும் காலை அறிக்கையில் மலையடிவாரத்திலும் உச்சியிலும் பனி எத்தனை அங்குலம் படிந்திருக்கிறது, கடந்த 24 மணி நேரத்தில் புதுப்பனி எவ்வளவு விழுந்தது, எந்தச் சரிவு திறந்திருக்கிறது, எது மூடப்பட்டிருக்கிறது என்பவை தனித்தனியே சொல்லப்படும். பனிச்சரிவு அபாயத்தை ஒன்று முதல் ஐந்து வரையிலான படிநிலையில் குறிக்கும் முறை ஐரோப்பாவில் 1993 முதல் ஒரே சீராக வழங்குகிறது. இமயமலையில் அத்தகைய எச்சரிக்கையைச் சண்டிகரில் உள்ள பாதுகாப்புத் துறையின் ஆய்வு நிறுவனம் தருகிறது. அதாவது, அறிக்கை விளையாடுபவரின் கால் படும் இடம் வரை இறங்கி வருகிறது. காவிரியின் அறிக்கையோ 170 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள மேட்டூர் அணையின் சுவரிலேயே நின்றுவிடுகிறது.

குடகு மழை முக்கொம்புக்கு வரும் வழி

தென்மேற்குப் பருவமழையின்போது திருச்சியில் ஓடும் நீர் திருச்சியில் பெய்த மழையினால் வருவது அன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் குடகுப் பகுதியில் பெய்யும் மழை ஹாரங்கி, கிருஷ்ணராஜசாகர் ஆகிய அணைகளிலும், கேரளத்தின் வயநாட்டில் பெய்யும் மழை கபினி அணையிலும் முதலில் தேங்குகின்றன. கிருஷ்ணராஜசாகரின் கொள்ளளவு 49.45 டிஎம்சியாக இருக்க, கபினியின் கொள்ளளவு 19.52 டிஎம்சி மட்டுமே என்பதால், பருவம் வலுக்கும்போது முதலில் நிரம்பி வழிவது பெரும்பாலும் கபினியாகவே இருக்கும். ஆகவே, ஆற்றின் போக்கை நெடுங்காலமாகக் கவனித்து வருபவர்கள் மேட்டூரைப் பார்ப்பதற்கு முன்பு கபினியின் திறப்பைப் பார்க்கின்றனர். அதற்கு அடுத்த அடையாளமாக, ஒகேனக்கல்லில் பரிசல் இயக்கத் தடை என்ற செய்தி நாளிதழில் வந்துவிட்டால், மேட்டூருக்கு வரத்து ஏறப்போகிறது என்று முடிவு கட்டிவிடுகின்றனர்.

இரு மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையத்தின் அளவீட்டு நிலையம் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று வழங்கிய தீர்ப்பின்படி, இயல்பான மழை பெய்யும் ஆண்டில் கர்நாடகம் இங்கே 177.25 டிஎம்சி நீர் கிடைக்கச் செய்யவேண்டும். அதில் ஜூன் மாதப் பங்கு 9.19, ஜூலை மாதப் பங்கு 31.24, ஆகஸ்ட் மாதப் பங்கு 45.95 டிஎம்சி. ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 2 அல்லது 3 அன்று வருவதால், ஆண்டின் பெரும்பங்கு வந்துசேரும் மாதத்தின் வாசலிலேயே விழா நிற்கிறது. பருவம் இரண்டு வாரம் பிந்தினாலும் விழா வறண்ட ஆற்றில்தான் நடக்கும்.

மேட்டூரிலிருந்து திறக்கப்படும் நீர் பவானியில் பவானி ஆற்றையும், அதற்குக் கீழே நொய்யலையும், கரூருக்கு அருகே அமராவதியையும் சேர்த்துக்கொண்டு, மாயனூர் கதவணையைக் கடந்து முக்கொம்பை அடைகிறது. கோடைக்குப் பின் முதன்முதலாக வரும் நீருக்கு இந்தப் பயணம் எளிதாக அமைவதில்லை. காய்ந்த சருகையும் சுள்ளிகளையும் தள்ளிக்கொண்டு, விளிம்பில் அழுக்கு நுரை கட்டி, ஒரு சாண் உயரமும் இல்லாத பழுப்புத் தகடாக ஊர்ந்து வரும் அந்த நீர் முன்னேறும் ஒவ்வோர் அடியிலும் மணலுக்குள் இருந்த காற்று குமிழிகளாக வெளியேறுகிறது. ஆற்றின் அகலம் முழுவதும் குடித்துத் தீர்ந்த பிறகே மீதி நகர்கிறது. 2024இல் ஜூலை 28 அன்று மேட்டூர் திறக்கப்பட்டபோது கல்லணை ஜூலை 31 அன்று திறக்கப்பட்டது; 2020இல் ஜூன் 12 அன்று புறப்பட்ட நீருக்காகக் கல்லணை ஜூன் 16 அன்று திறக்கப்பட்டது. ஆற்றில் ஏற்கெனவே நீர் ஓடிக்கொண்டிருந்து அதன் மீது வெள்ளம் வந்தால் இந்த அவகாசம் வெகுவாகச் சுருங்கிவிடும். மத்திய நீர்வள ஆணையம் இந்த வழியில் ஊராட்சிக்கோட்டை, கொடுமுடி, முசிறி ஆகிய இடங்களில் நீர்மட்டத்தை அளந்து வருகிறது.

பெட்டிச் செய்தி: அளவைகளைப் படிக்கும் முறை

கன அடி: ஆற்றின் ஓட்டத்தைக் குறிக்கும்போது, ஒரு நொடியில் கடக்கும் நீரின் அளவு. ஒரு கன அடி ஏறத்தாழ 28.3 லிட்டர்.

டிஎம்சி: நூறு கோடி கன அடி. நொடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுதும் ஓடினால் ஒரு டிஎம்சி சேரும்.

மேட்டூரின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி, கட்டி முடிக்கப்பட்ட ஆண்டு 1934.

வரத்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடியாக இருந்து எதுவும் வெளியேற்றப்படாவிட்டால், ஒரு நாளில் 12.96 டிஎம்சியும் ஏழு நாளில் 90 டிஎம்சிக்கு மேலும் சேர்ந்துவிடும். அதாவது ஒரு வாரத்தில் அடிமட்டத்திலிருந்து அணை ஏறத்தாழ நிரம்பிவிடும்.

வானிலை சரியாகச் சொன்ன ஆண்டுகள்

முன்னறிவிப்பு பொய்த்துவிட்டது என்று வானிலைத் துறையைக் குறைகூறும் வழக்கம் நாட்டில் பழையது. ஆனால் 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளின் கணக்கை எடுத்துப் பார்த்தால் அந்தக் குறை அத்தனை எளிதில் நிலைக்காது. இந்திய வானிலை ஆய்வுத் துறை ஏப்ரலில் வெளியிடும் நீண்டகால முன்னறிவிப்பு, ஜூன் முதல் செப்டம்பர் வரை நாடு முழுவதற்குமான மழையை, 87 சென்டிமீட்டர் என்னும் நீண்டகாலச் சராசரியின் விழுக்காடாகச் சொல்கிறது. 2023இல் 96 விழுக்காடு என்று சொல்லப்பட்டது, 94 பெய்தது. 2024இல் 106 என்று சொல்லப்பட்டது, 108 பெய்தது. இதைவிட நெருக்கமாகச் சொல்வதற்கு நான்கு மாத இடைவெளியில் எவராலும் முடியாது.

எனினும், 2023இன் 94 விழுக்காடு என்ற எண்ணுக்குள் காவிரிப் படுகை பட்ட பாடு மறைந்துகிடக்கிறது. அவ்வாண்டு ஆகஸ்ட், 1901 முதல் உள்ள பதிவுகளில் நாட்டின் மிக வறண்ட ஆகஸ்ட் மாதமாக அமைந்தது. கர்நாடகம் 200க்கும் மேற்பட்ட வட்டங்களை வறட்சி பாதித்தவையாக அறிவித்தது. ஜூன் 12 அன்று வழக்கப்படி திறக்கப்பட்ட மேட்டூர் அணை அக்டோபர் 10 அன்று மூடப்பட்டது. ஆடிப்பெருக்கன்று படித்துறையில் தண்ணீர் ஓடியது, விழா நடந்தது, கூட்டம் மனநிறைவோடு திரும்பியது. அதே ஆற்றை நம்பி நாற்றுவிட்ட உழவருக்கு அந்த நீர் எந்த உறுதியையும் தந்திருக்கவில்லை. படித்துறையில் நீர் ஓடுவதைப் பார்த்து ஆண்டைக் கணிப்பது தவறான பழக்கம் என்பதை அவ்வாண்டு காட்டியது.

அடுத்த ஆண்டு நேர் எதிரானது. 2024 ஜூன் 12 அன்று மேட்டூரின் மட்டம் நாற்பதுகளின் தொடக்கத்திலேயே நின்றமையால் அணை திறக்கப்படவில்லை. ஆடிப்பெருக்குக்கு என்ன செய்வது என்ற பேச்சு ஜூலை முதல் பாதியில் ஸ்ரீரங்கத்தில் கவலையோடு எழுந்தது. ஜூலை நடுவில் மலையில் மழை வலுத்தது. ஜூலை 30 அன்று அணை 120 அடியைத் தொட்டது. அதே நாள் அதிகாலையில்தான் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளை நிலச்சரிவு விழுங்கியது என்பதை இங்கே நினைவில் கொள்ளவேண்டும். அந்த நிலச்சரிவின் நீர் சாலியாற்றின் வழியே மேற்கே அரபிக்கடலுக்குச் சென்றது; அதே மழைக்கட்டத்தில் மலையின் கிழக்குச் சரிவில் விழுந்த நீர் கபினிக்கு வந்து காவிரியாயிற்று. மலையின் ஒரு பக்கத்தில் பேரிழப்பாக வந்த மழையே மறுபக்கத்தில் டெல்டாவின் பாசனமாக வந்தது. அடுத்த சில நாட்களில் மேட்டூரிலிருந்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் வெளியேற்றப்பட, இரண்டு வாரத்துக்கு முன்பு தண்ணீர் வருமா என்று கேட்ட ஊர், இப்போது குளிக்க விடுவார்களா என்று கேட்டது.

2025இல் ஜூன் 29 அன்றே அணை நிரம்பியது. ஜூன் மாதத்தில் மேட்டூர் நிரம்பியது 1957க்குப் பிறகு அப்போதுதான்.

பெட்டிச் செய்தி: பாசனத்துக்கு மேட்டூர் திறந்த நாட்கள்

2016 – செப்டம்பர் 20
2017 – அக்டோபர் 2
2018 – ஜூலை 19
2019 – ஆகஸ்ட் 13
2020, 2021 – ஜூன் 12
2022 – மே 24
2023 – ஜூன் 12
2024 – ஜூலை 28
2025 – ஜூன் 12

இவற்றுள் 2016, 2017, 2019 ஆகிய மூன்று ஆண்டுகளில் ஆடிப்பெருக்கு வந்துபோன பிறகே அணை திறக்கப்பட்டது.

லட்சம் கன அடி எத்தனை படி?

மேட்டூரிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடி திறப்பு என்ற செய்தி தொலைக்காட்சியின் அடிவரியில் ஓடும்போது, சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஸ்ரீரங்கத்துக்குக் குடும்பத்தோடு புறப்படவிருப்பவர் அதைக் கொண்டு எந்த முடிவுக்கும் வர இயலாது. ஏனெனில், அந்த ஒன்றரை லட்சத்தில் அம்மா மண்டபத்தைக் கடப்பது ஒரு பகுதி மட்டுமே. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை காவிரி என்ற பெயரோடு திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் இடையே ஓடுகிறது. வடகிளை கொள்ளிடமாகி, ஸ்ரீரங்கத்தின் வடக்குப் பக்கத்தைச் சுற்றிச் செல்கிறது. கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது, அகலமானது. தன் போக்கில் விட்டால் நீர் அந்தப் பக்கமே சாயும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரிக் கிளை மணல்மேடிட்டு டெல்டா பாசனம் நலிந்தபோது, ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளர் கொள்ளிடத்தின் தலைப்பில் 1836இல் மேலணையைக் கட்டி முடித்து, அந்தச் சாய்வைத் தடுத்தார். அம்மா மண்டபத்தில் இன்று நீர் நிற்பதற்கு அந்த அணை ஒரு காரணம். வெள்ளக் காலத்தில் அங்கே நீர் அளவுக்கு மீறாமல் இருப்பதற்கும் அதுவே காரணம், ஏனெனில் காவிரிக் கிளை தாங்கும் அளவுக்கு மேற்பட்டதை மதகுகளின் வழியே கொள்ளிடத்தில் தள்ளிவிடுவதுதான் நடைமுறை.

இதனால் விளைவது என்னவென்றால், மேட்டூரின் திறப்பு இரட்டிப்பானாலும் அம்மா மண்டபத்தின் நீர் இரட்டிப்பாவதில்லை. முக்கொம்பில் எத்தனை ஷட்டர்கள் எவ்வளவு உயர்த்தப்படுகின்றன என்ற முடிவே படித்துறையின் நிலையைத் தீர்மானிக்கிறது. அந்த முடிவு வானத்தில் எடுக்கப்படுவதன்று. நீர்வளத்துறையின் பொறியாளர் எடுத்து, லஸ்கர் என்று இன்றும் வழங்கப்படும் மதகுப் பணியாளர் நிறைவேற்றுவது. ஆற்றில் அளவுகோலைப் பார்த்து மணிக்கொரு முறை குறிப்பெழுதும் இந்தப் பணியாளர்களுக்கு, முக்கொம்பில் மட்டம் எவ்வளவு ஏறினால் கீழே எந்தத் துறையில் எந்தப் படி முழுகும் என்பது அனுபவத்தால் தெரியும். அந்த அறிவு அறிவிப்பாக மாறுவதில்லை. நாள்தோறும் வெளியாகும் செய்தியில் அடி, கன அடி, டிஎம்சி ஆகிய மூன்றும் இருக்கின்றன. படியின் எண் இருப்பதில்லை.

அதற்குப் பதிலாக வருவது ஒரே வாசகம். கரையோரத்தில் வசிப்போர் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவேண்டும், ஆற்றில் குளிக்கவோ துணி துவைக்கவோ கால்நடைகளை இறக்கவோ செல்ஃபி எடுக்கவோ கூடாது என்ற அறிவிப்பு, நாற்பதாயிரம் கன அடி வரும்போதும் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவில் அதே குரலில் வருகிறது, இரண்டு லட்சம் வரும்போதும் அதே குரலில் வருகிறது. தண்டோரா போடும் வழக்கத்தை அரசு 2022இல் நிறுத்தச் சொன்னது நல்ல முடிவே. ஆனால் தண்டோராவுக்குப் பதிலாக வந்த ஒலிபெருக்கி அபாயத்தின் அளவைப் பிரித்துச் சொல்லக் கற்கவில்லை. எல்லா வெள்ளத்துக்கும் ஒரே எச்சரிக்கை என்றால் கேட்பவர் காது மரத்துப்போகும். உண்மையில் அஞ்சவேண்டிய வெள்ளம் வரும் நாளில் அந்த மரத்துப்போன காதோடுதான் அவர் படியிறங்குவார். பனிச்சரிவுக்கு ஐந்து நிலை வகுத்த மலைநாட்டார் இந்த மனித இயல்பைப் புரிந்துகொண்டவர்கள் என்று சொல்லவேண்டும்.

கொள்ளிடக் கரையின் கணக்கு

காவிரிக் கிளையில் நீர் அளவாக நிற்பதற்கான விலையைக் கொள்ளிடம் தருகிறது. 2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து சுமார் இரண்டு லட்சம் கன அடி வெளியேறியபோது, திருவானைக்காவலையும் நம்பர் ஒன் டோல்கேட்டையும் இணைத்து 1928 முதல் நின்ற பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. அருகே புதிய பாலம் திறக்கப்பட்டு, பழைய பாலத்தில் வாகனங்கள் ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்ததால் உயிர்ச்சேதம் நேரவில்லை. அதற்குச் சில நாட்களுக்குப் பிறகு, ஆகஸ்ட் 22 இரவு, முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் இருந்த 45 மதகுகளில் ஒன்பது இடிந்து விழுந்தன. வெள்ளத்தின் உச்சம் கடந்த பிறகு இது நேர்ந்தது என்பதே இதில் கவனிக்கத்தக்கது: பெருவெள்ளத்தைத் தாங்கிய கட்டடம் அது வடியும்போது வீழ்ந்தது. அடித்தளத்துக்குக் கீழே மணல் அரிக்கப்பட்டதற்குக் கொள்ளிடத்தில் பல ஆண்டுகளாக மணல் அள்ளியதும் காரணம் என்று உழவர் அமைப்புகள் அப்போதே குரல் எழுப்பின. பின்னர் 387.60 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் புதிய கதவணை எழுந்தது. 2024 ஆகஸ்ட் தொடக்கத்தில் மீண்டும் வெள்ளம் வந்தபோது, கொள்ளிடத்தின் நடுவே நின்ற உயர்மின்னழுத்தக் கோபுரம் அடித்தளம் அரிக்கப்பட்டு ஆற்றில் சாய்ந்தது.

இந்த இழப்புகள் எவையும் நீர்மட்ட எண்ணைப் பார்த்துக் கணிக்கக்கூடியவை அல்ல. எச்சரிக்கை அளவுகள் எல்லாம் நீர் எவ்வளவு உயரத்துக்கு ஏறும் என்பதைச் சொல்கின்றன. அதே நீர் அடியில் எவ்வளவு ஆழத்துக்குத் தோண்டும் என்பதை அவை சொல்வதில்லை. படுகை தாழ்ந்துகொண்டே போகும் ஓர் ஆற்றில், இருபது ஆண்டுக்கு முன்பு பாதுகாப்பானது என்று கருதப்பட்ட மட்டம் இன்று தூணின் வேரைத் தொடும்.

வாழை பயிரிடுவோரின் நிலை இதனினும் நுட்பமானது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, திருச்சியிலிருந்து கல்லணை செல்லும் சாலையில் உத்தமர்சீலி என்னும் இடத்தில் தாழ்வான தரைப்பாலம் ஒன்று இருக்கிறது. காவிரிக் கிளையில் அளவு மிஞ்சினால், நீர் அதன் மீதேறிக் கொள்ளிடத்துக்குப் பாயும்படி அமைந்த வழி அது. 2018, 2022 வெள்ளங்களில் அந்த வழியே பாய்ந்த நீர் சுற்றுவட்டார வாழைத் தோட்டங்களை மூழ்கடித்தது. வாழை சில மணி நேர வெள்ளத்தைப் பொறுக்கும். நாட்கணக்கில் நீர் தேங்கினால் வேர் மூச்சுத் திணறி அழுகத் தொடங்கி, குலை தள்ளிய மரமும் சாயும். ஆகவே அந்த உழவருக்கு வேண்டிய முன்னறிவிப்பு, நீர் எப்போது வரும் என்பதைவிட எப்போது வடியும் என்பதே. மூன்றாம் நாளில் வடியும் என்று தெரிந்தால் காத்திருக்கலாம், பத்து நாள் நீடிக்கும் என்று தெரிந்தால் முற்றிய தார்களை முதல் நாளே வெட்டிச் சந்தைக்கு அனுப்பிவிடலாம். வடிவது எப்போது என்பதைக் கர்நாடக அணைகளின் இருப்பு, மேட்டூரின் வரத்து, மலையில் அடுத்த வாரத்துக்கான மழைக் கணிப்பு ஆகிய மூன்றையும் சேர்த்தே சொல்லமுடியும். மூன்றும் மூன்று அமைப்புகளிடம் இருக்கின்றன. தமிழ்நாடு வெதர்மேன் என்ற பெயரில் எழுதும் பிரதீப் ஜான் போன்ற தனிப்பட்ட ஆர்வலர்களின் பதிவுகளுக்கு இப்பகுதியில் இவ்வளவு வாசகர்கள் இருப்பதன் காரணமும் இதுவே: மலைமழையையும் அணை இருப்பையும் ஒரே பத்தியில் சேர்த்துச் சொல்லும் வேலையை அவர்கள் செய்கின்றனர்.

வறண்ட ஆண்டின் ஏற்பாடு

வெள்ள ஆண்டில் வரும் கேள்வி பாதுகாப்பைப் பற்றியது; வறண்ட ஆண்டில் வரும் கேள்வி நியாயத்தைப் பற்றியது. குல்மார்க்கில் பனி இல்லையென்றால் பொறியால் பனி செய்யலாம். 2022இல் பெய்ஜிங்கில் நடந்த குளிர்கால ஒலிம்பிக் ஏறத்தாழ முழுவதுமே செயற்கைப் பனியில் நடந்தது. காவிரிக்கு அத்தகைய பொறி கிடையாது. செய்யக்கூடியது அணையில் மீந்திருக்கும் நீரில் ஒரு பகுதியை விழாவுக்காகத் திறப்பது. 2017இல் மேட்டூர் பாசனத்துக்குத் திறக்கப்படாமல் இருந்த செப்டம்பர் மாதத்தில், காவிரி மகா புஷ்கரத்துக்காக நீர் திறந்துவிடப்பட்டது. செப்டம்பர் 12 முதல் 24 வரை அம்மா மண்டபத்திலும் மயிலாடுதுறையிலும் பெருங்கூட்டம் நீராடியது. பாசனத்துக்கான திறப்பு அக்டோபர் 2 அன்றுதான் வந்தது.

பயிருக்கு இல்லாத நீர் முழுக்குக்கு எப்படி வந்தது என்ற கேள்வி அப்போது எழுந்தது, இனியும் எழும். கணக்கு போட்டுப் பார்த்தால், நொடிக்கு ஐயாயிரம் கன அடி வீதம் மூன்று நாள் திறந்தால் செலவாவது 1.3 டிஎம்சிக்குச் சற்றுக் குறைவு. காய்ந்த மணல் அதில் பெரும்பகுதியைக் குடித்துவிடும் என்பது உண்மை. அவ்வாறு குடித்த நீர் வீணாகிவிடுவதில்லை என்பதும் உண்மை, ஏனெனில் ஆற்றுமணலுக்குள் பதித்த குழாய்களின் வழியே ஊறும் நீரைத் திரட்டும் சேகரிப்புக் கிணறுகளை நம்பியே திருச்சி மாநகரம் குடிநீர் பெறுகிறது, கம்பரசம்பேட்டையில் உள்ளவை அவற்றுள் முக்கியமானவை. விழாவுக்காகத் திறந்த நீர் என்று பெயர் பெற்றாலும், அதன் ஒரு பங்கு நகரத்தின் குடத்துக்கே போய்ச் சேருகிறது. இந்த ஒரு கணக்கைப் பொதுவில் வைத்தால் விவாதத்தின் சூடு பாதி தணியும்.

கோயிலைப் பொறுத்தவரை, நீரின் தேவை ஆடியோடு முடிவதும் இல்லை. அரங்கநாதர் கோயிலில் நாள்வழிபாட்டுக்கான திருமஞ்சன நீர் ஐப்பசி மாதம் முழுவதும் காவிரியிலிருந்து தங்கக் குடத்திலும், மற்ற மாதங்களில் வடதிருக்காவிரி என்று கோயில் வழக்கில் அழைக்கப்படும் கொள்ளிடத்திலிருந்து வெள்ளிக் குடத்திலும் வருகிறது. ஆடியில் நம்பெருமாள் அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளி, காவிரிக்குப் பட்டும் மாலையும் மங்கலப் பொருள்களும் சீராக அளிப்பதும் நடக்கிறது. ஒரு குடம் நீருக்கு ஆற்றின் ஊற்றே போதும். சீர் பெற்றுக்கொள்ள ஆறு ஓடவேண்டும். ஆடி அமாவாசைக்கு முன்னோர் கடன் செய்ய வருவோர், அவர்களுக்குச் சடங்கு நடத்தும் புரோகிதர்கள், பூவும் பழமும் எள்ளும் விற்போர், வெளியூர்ப் பேருந்துகளை நம்பிக் கடை விரிப்போர் ஆகிய அனைவரின் அந்த மாத வருமானமும் அந்த ஓட்டத்தோடு கட்டுண்டது. தடுப்புக் கட்டப்போவது இரண்டு நாளுக்கு முன்பே தெரிந்தால் பூக்கடைக்காரர் பாதி மூட்டை குறைத்து வாங்குவார். விடிகாலையில் வந்து பார்த்துத் தெரிந்துகொண்டால் மாலைக்குள் அத்தனையும் குப்பைக்குப் போகும்.

அட்டவணை ஒன்று

இவ்வளவுக்கும் பின்னணியில் வேண்டப்படுவது பெரிய திட்டம் எதுவும் இல்லை. முசிறியில் அளவிடப்படும் நீர் ஸ்ரீரங்கத்தை அடைவதற்கு இடையே சில மணி நேரம் கிடைக்கிறது. முக்கொம்பில் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் பிரித்துவிடப்படும் அளவு நாள்தோறும் பதிவாகிறது. அம்மா மண்டபத்தின் படிகள் இடம் மாறுவதில்லை. காவிரிக் கிளையில் இத்தனை ஆயிரம் கன அடி சென்றால் மேலிருந்து இத்தனையாவது படி முழுகும் என்ற அட்டவணையைத் தயாரித்து, எந்தப் படி வரை இறங்கலாம், எந்தப் படி முழுகினால் சிறுவரை விடக்கூடாது, எந்த நிலையில் துறை மூடப்படும் என்று நான்கைந்து நிலைகளாக வகுத்து, படிகளின் பக்கச்சுவரில் வண்ணக்கோடுகளாகத் தீட்டிவிட்டால், கன அடி என்னவென்று அறியாதவரும் கோட்டைப் பார்த்து நிற்பார். ஓயாமரியிலும் கருட மண்டபத்திலும் கீதாபுரத்திலும் உள்ள துறைகளுக்கு இதே அட்டவணை பொருந்தாது, ஒவ்வொரு துறைக்கும் சரிவும் ஆழமும் வேறு என்பதால் தனித்தனியே அளக்கவேண்டும். அதற்கு வேண்டிய கருவி ஏற்கெனவே ஆற்றில் நடப்பட்டுள்ள அடிக்கோல்தான். வேண்டிய ஆள், முக்கொம்புப் பதிவேட்டையும் படித்துறையையும் இரண்டு வெள்ளப் பருவங்களுக்கு நாள் தவறாமல் ஒப்பிட்டு எழுதிவைக்கும் ஒரு பணியாளர். வேண்டிய உத்தரவு, நீர்வளத்துறை, மாநகராட்சி, கோயில் நிர்வாகம் ஆகிய மூன்றில் அந்தப் பணியாளர் யாருடைய ஊதியப் பட்டியலில் இருப்பார் என்பது.